எங்கள் வீட்டு எகிப்துச் சுவர்

எங்கள் அப்பாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் இங்கிலீஷ் சேனல்தான் பார்ப்பார். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, தோள் துண்டால் கொசுவை விரட்டிக்கொண்டு, திரையில் ஓடுவதற்கு அவராகவே ஒரு கதை கட்டுவார். புலி மானைத் துரத்தினால், மான் வீட்டில் சண்டை போட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பி வந்ததுதான் காரணம் என்பார். பென்குயின்கள் வரிசையாக நடந்தால் ரேஷன் கடைக்குப் போகின்றன என்பார். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். நான் அப்போது கம்பத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். சாயங்காலம் விடைத்தாள் திருத்தும்போது இந்தக் கதைகள் காதில் விழும். என் பாடத்தைவிட அவை நன்றாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

ஒரு நாள் திடீரென்று, "ஆத்தா, ஓடியா, இங்கன ஓடியா!" என்று என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். பாம்புதான் வந்துவிட்டது என்று துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாம்பு இல்லை. திரையில் எகிப்துக் கல்லறை ஒன்றின் உட்சுவர் தெரிந்தது. வரிசையாகக் கால் நட்டு, மேலே கொடியைப் படரவிட்டு, கறுப்புக் கறுப்பாகக் குலைகள் தொங்க, இடுப்பில் வெள்ளைத் துணி கட்டிய ஆட்கள் கையைத் தூக்கித் திராட்சை பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது நம்ம பந்தலுல்ல!" என்றார் அப்பா. எழுந்து நின்றுவிட்டார். "அண்ணாந்து பறிக்கிறான் பாரு. கூடையைக் கீழ வைக்கிற தினுசைப் பாரு. எந்த ஊருக்காரன் இவன்?"

"எகிப்துப்பா. மூவாயிரம் வருசத்துக்கு முந்தி."

"எகிப்துல எங்கன?" என்று கேட்டார், அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் அவனிடம் நாற்று வாங்கி வருகிறவரைப் போல.

திராட்சைப் பந்தல் போடுவது கம்பம் பள்ளத்தாக்கில்தான் பிறந்தது என்று அப்பா மனதார நம்பிக்கொண்டிருந்தார். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பன்னீர் திராட்சையைப் படரவிடுவது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்பது அவர் எண்ணம். அன்றைக்கு அந்தக் கர்வம் உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. எகிப்துக்காரர்களும் நம் ஆட்கள்தான் என்று ஒரே நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார். மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது, "புது வீட்டு ஹால் சுவத்துல அதை வரையப் போறோம். நம்ம ஆளுகளை வச்சு" என்றார்.

புது வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய வீடு ஊருக்குள் சந்தில் இருந்தது. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, கோம்பையிலிருந்து வாங்கி வந்த ஒரு செவலை நாய். இவ்வளவுதான் குடும்பம். அப்பா மெயின் ரோட்டோரம் இடம் வாங்கி மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "கவாத்து வேலை கெடக்குல்ல" என்பார். கொடியை வெட்டிவிடுகிற கவாத்து வருடம் முழுக்க யாருக்கும் இருக்காது. ஆனால் எங்கள் தோட்டத்தில் கத்திரியைப் பிடித்து எந்தக் கொடியை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வது அவர் ஒருவர்தான். அப்பா விலை பேசுவார், லாரிக்குச் சொல்லுவார், சத்தம் போடுவார். திராட்சையைக் காய்க்க வைப்பது சித்தப்பா.

அவர் புது வீட்டுக்கு மணல் சலித்தார். தினமும் ஹோஸைப் பிடித்து வெளிச்சுவர்களுக்குத் தண்ணீர் அடித்தார். ஆனால் நிலை வைத்த நாளிலிருந்து ஒருமுறைகூட வாசல்படி தாண்டி உள்ளே வரவில்லை. உள்சுவருக்குக்கூட ஜன்னல் வழியாகத்தான் தண்ணீர் பீய்ச்சுவார். கொத்தனார் கேலி செய்வார். சித்தப்பா சிரித்துக்கொண்டே அடுத்த ஜன்னலுக்குப் போய்விடுவார்.

அப்பாவுக்கு இது உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் அவர் சொன்னதை நானே கேட்டேன். "பால்காய்ப்புக்கு அவன் உள்ள வரலைன்னா நான் என்னத்துக்கு வீடு கட்டுனேன்? அவன் மூஞ்சியைச் சுவத்துல வரைஞ்சு வச்சா, அதைப் பாக்கவாச்சும் உள்ள வருவான்ல." எகிப்து ஆசை பாதி, இந்த ஏக்கம் பாதி. எங்கள் வீட்டுக்கு ஓவியர் வந்தது இப்படித்தான்.

ஓவியர் கேரள எல்லையில் இருக்கிற குமுளியில் கிடைத்தார். மலையாளி. அப்பா வியாபாரியைப் பார்க்க மலை ஏறிப் போகிறபோதெல்லாம் ஒரு டூரிஸ்ட் லாட்ஜில் டீ குடிப்பார். அந்த லாட்ஜ் சுவரில் யானை வரைந்தவர்தான் இவர். அதற்கு முன்பே ஓர் எண்ணெய் மசாஜ் நிலையத்துக்கு எகிப்துப் பூனைகள் வரைந்து கொடுத்த அனுபவம் உண்டு என்றார். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. நான் கம்பத்தில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கல்லறைப் படங்களைத் தேடிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு படம் இறங்குவதற்குள் ஒரு விடைத்தாள் கட்டே திருத்தி முடித்துவிடலாம்.

ஓவியருக்கு முப்பது வயதிருக்கும். முடியை வளர்த்து உச்சியில் முடிந்திருந்தார். அது அடிக்கடி அவிழ்ந்து பெயிண்ட் டப்பாவில் விழுந்தது. இரண்டாம் நாள் அம்மா பொறுக்க மாட்டாமல் தன்னுடைய கொண்டை ஊசிகளில் நாலைந்தை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் கொஞ்சமும் வெட்கப்படாமல் வாங்கிச் செருகிக்கொண்டார்.

எகிப்துப் படத்துக்கு ஒரு முக்கியமான விதி இருப்பதாக அவர் முதல் நாளே சொன்னார். "சாரே, தூரம் கிட்டம் ஒண்ணும் இதில இல்ல. பெரிய ஆளைப் பெருசா வரையணும். சின்ன ஆளைச் சின்னதா வரையணும். அதுதான் நியமம். உங்க வீட்டில ஆரு பெரிய ஆளு, ஆரு சின்ன ஆளு? வரிசையாச் சொல்லணும், கேட்டோ."

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் பேர் வரிசை மாறிப் போனதற்கே மாமன் மச்சான்கள் வருடக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். ஒரு காதுகுத்தில் பிளக்ஸ் பேனரில் தன் போட்டோ ஸ்டாம்பு அளவுக்கு இருந்தது என்று தாய்மாமன் ஒருவர் சீர்த் தட்டோடு திரும்பிப் போனதை அப்பாவே கண்ணால் பார்த்திருக்கிறார். அவர் வாயால் வரிசை சொல்வாரா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் எதுக்குச் சொல்லணும்? நீங்களே தோட்டத்துல ஒரு நாள் இருந்து பாருங்க. ஒங்களுக்கு எப்புடித் தோணுதோ அப்புடி வரையுங்க" என்றார். பழியைக் குமுளிக்காரர் தலையில் இறக்கி வைக்கிற யோசனை. அன்றைக்கு அது எங்களுக்கு மகா புத்திசாலித்தனமாகப் பட்டது.

ஓவியர் ஒரு பகல் முழுக்கத் தோட்டத்தில் கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். யார் யாருக்கு உத்தரவு போடுகிறார்கள், யார் உட்கார்ந்தால் யார் எழுந்திருக்கிறார்கள், சோற்று வாளி வந்ததும் முதல் உருண்டை யாருக்குப் போகிறது என்று எல்லாவற்றையும் கவனித்தார். சோற்று விஷயம் அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. எந்த நாட்டிலும் பெரிய ஆள்தான் முதலில் சாப்பிடுவான் என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

அதற்குப் பிறகு அடையாளச் சின்னங்களைப் பற்றிய பஞ்சாயத்து நடந்தது. எகிப்துச் சாமியின் ஒற்றைக் கண்ணை வாசலுக்கு மேலே வரையலாம் என்று அவர் சொன்னபோது நான் அம்மாவை நினைத்துப் பயந்தேன். அம்மாவோ, "திருஷ்டிக் கண்ணுதான? பெருசாவே போடுங்க. பூசணிக்காய் வாங்குற வேலை மிச்சம்" என்றார். மேலே வளையமும் கீழே சிலுவையுமாக இருக்கிற உயிர்ச் சின்னத்தை அப்பா பீரோ சாவி என்றே கடைசி வரை சொன்னார். சூரியனை உருட்டிக்கொண்டு போகிற வண்டு ஒன்றை நடுவில் வைக்க ஓவியர் ஆசைப்பட்டார். மறுபிறப்பின் அடையாளம், அதிர்ஷ்டம், பழைய ராஜாக்கள் மோதிரத்தில் பதித்தது என்று என்னென்னவோ சொன்னார்.

"வண்டா?" என்றார் அப்பா. "திராட்சைப் படத்துல வண்டா? அவனுக்கு அது சாமியா இருக்கலாம் தம்பி. எனக்கு அது எமன். மருந்தடிச்சே கை வெந்து போச்சு. வீட்டுக்குள்ள வேற அதைக் கும்பிடச் சொல்றீகளா?"

வண்டு போயிற்று. அம்மாவுக்கு வரைந்த எகிப்து உடையும் போயிற்று. "ஜாக்கெட்டுப் போட்டு வரையுங்க" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். உலகத்திலேயே எல்போ வரைக்கும் கை வைத்த ஜாக்கெட் போட்ட எகிப்து மகாராணி எங்கள் வீட்டுச் சுவரில் மட்டும்தான் இருக்கிறாள். நீல நிறத்தில் மட்டும் சண்டையே வரவில்லை. கொடிக்கு மருந்தாக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்து அடித்து எங்கள் தோட்டத்துத் தூண், இலை, அப்பாவின் பழைய வேட்டி எல்லாம் நீலம் பூத்துக் கிடக்கும். ஓவியர் அந்த நீலத்தைத் தொட்டுப் பார்த்து, இதேதான் வேண்டும் என்றார்.

படம் முடிகிற நாள் வந்தது. நாங்கள் மூவரும் போய் நின்றோம். சுவரின் வலது பக்கம் தாமரைத் தூண் வைத்த மண்டபம். அதுதான் வீடாம். அதற்குள் அப்பா நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். கண்ணில் மை. பக்கத்தில் அம்மா, அப்பாவுக்குச் சரி சமமான உயரத்தில். "தோட்டத்தில பார்த்தேனல்லோ, ஆரு உத்தரவு போடுறதுன்னு" என்றார் ஓவியர். அப்பா அவசரமாகப் படத்தின் கீழ்ப்பக்கம் பார்த்தார். அப்பாவின் கெண்டைக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முழங்கால் உயரத்தில் ஒரு குழந்தை நின்றது. மொட்டைத் தலையில் ஒரு பக்கம் மட்டும் குடுமி. அது நான். கம்பத்தில் நூற்றைம்பது பிள்ளைகளை மிரட்டுகிற சரித்திர டீச்சர் நான். மகள் என்றால் எகிப்தில் அப்படித்தான் வரைவார்கள் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய கொண்டை ஊசிகளை அங்கேயே திருப்பிக் கேட்டிருப்பேன்.

இடது பக்கம் பந்தல். நாங்கள் டிவியில் பார்த்தது போலவே குலை குலையாகத் திராட்சை. பந்தலுக்குக் கீழே சின்னதாக ஓர் ஆள் கையைத் தூக்கிக் கத்திரி பிடித்து நின்றார். மூக்கும் மோவாயும் அப்படியே சித்தப்பா. மண்டபத்துக்குள் அப்பாவின் நாற்காலிக்குக் கீழே எங்கள் கோம்பை நாய் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. செவலை உடம்பு, கருமூஞ்சி, கழுத்தில் தங்கப் பட்டை. சித்தப்பாவைப் போல இரண்டு மடங்கு பெரிசு.

"நாயி எதுக்குய்யா இம்புட்டுப் பெருசு?" என்று அப்பா கத்தினார்.

"சாரே, சோறு வந்தால் முதல் உருண்டை அதுக்குத்தானே? அந்த ஆள் எல்லாருக்கும் கடைசியில் தின்னுறார். நான் பார்த்தேன்" என்றார் ஓவியர்.

உண்மைதான். சோற்று வாளியைத் திறந்ததும் சித்தப்பா முதல் கை அள்ளி நாய்க்கு வைப்பார். பிறகு ஆட்களுக்கு, அப்பாவுக்கு. வாளியை வழித்துத் தின்பது அவர். அப்படி அவர் தின்பதை நாங்கள் அத்தனை வருடமாகப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அம்மா நிலைமையைச் சமாளிக்க ஓவியரிடம் வேறு பேச்சை எடுத்தார். "கல்லறையில இருக்குற படம்னு இவ சொல்றாளே, வீட்டுல வரையலாமா தம்பி? குத்தமில்லையே?"

"சாவுக்கு இல்ல சேச்சி. எந்நாளும் ஜீவிக்கிறதுக்கு வரையிறது. இதில ஆரை எங்கே வரைஞ்சோமோ, அவர் எந்நாளும் அங்கேயே இருப்பார்."

"எந்நாளுமா?" என்று ஜன்னலிலிருந்து சித்தப்பா கேட்டார்.

"அதே. எந்நாளும்."

சித்தப்பா இன்னும் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு துண்டை உதறிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டார். அன்று ராத்திரி சாப்பிட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மோட்டார் ரூமில் ஸ்டவ் வைத்து அவரே பொங்கித் தின்பதாகத் தோட்டத்து ஆட்கள் வந்து சொன்னார்கள். நாய் மட்டும் எங்கள் வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்குமாக நடந்து இரண்டு பக்கமும் சாப்பிட்டுக் கொழுத்தது. நான் போய்க் கூப்பிட்டபோது, "எனக்கென்ன ஆத்தா கோவம்? கவாத்து வேலை கெடக்கு" என்றார். "பால்காய்ப்புக்கு வருவீகள்ல?" என்றேன். கத்திரிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்தார்.

வீட்டில் அப்பா குதித்தார். தம்பியை நாயைவிடச் சின்னதாக வரைந்து ஊர் முன்னால் அவமானப்படுத்திவிட்டானே என்று ஓவியரைத் திட்டினார். தானே பார்த்து வரையச் சொன்னதை வசதியாக மறந்துவிட்டார். நாயின் பேரில் எங்கள் எல்லோருக்கும் ஒரே கோபம். அது பாவம் ஒன்றும் புரியாமல் வாலை ஆட்டியது. கடைசியில் ஓவியரைப் பிடித்து உட்கார வைத்து, "எந்தம்பியைப் பெருசாக்குங்க. என் அளவுக்குப் பெருசாக்குங்க" என்றார்.

"பந்தலுக்குக் கீழே நிற்கிற ஆளை இதுக்கு மேல பெருசாக்கினா இடிக்கும் சாரே."

"இடிச்சா இடிக்கட்டும். பந்தல் என்னுதுதான."

ஓவியர் தலையில் அடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். சித்தப்பா வளர்ந்தார். தோள் பந்தலைத் தொட்டது. அப்பா வந்து பார்த்துவிட்டு, "ம்ஹூம், இன்னும்" என்றார். சித்தப்பாவின் தலை பந்தலைப் பிய்த்துக்கொண்டு மேலே போயிற்று. இன்னும் என்றார். கடைசியில் இலைக் கூரைக்கு மேலே இடுப்பு வரை தெரிகிற ஓர் இராட்சதன், கையில் முழ நீளக் கத்திரியோடு, சூரியனை வெட்டப் போகிறவன் மாதிரி நின்றான். மண்டபத்துக்குள் இருந்த அப்பாவும் அம்மாவும் அவனுக்கு முன்னால் கொலு பொம்மைகள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அப்பாவுக்குப் பரம திருப்தி. இதைப் பார்த்தால் எந்தத் தம்பிக்கும் கோபம் இறங்கிவிடும் என்றார். அம்மா மட்டும் படத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

பால்காய்ப்பு அன்று விடிவதற்குள் பால் பொங்கி முடிந்துவிட்டது. சித்தப்பா வரவில்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள். பந்தி ஆரம்பித்தது. வந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு மேலே இருந்த கண்ணைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா பட்டுக்கரை வேட்டியும் புதுச் சட்டையுமாக வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். யார் கையைப் பிடித்து வாழ்த்தினாலும் அவர் கண் ரோட்டிலேயே இருந்தது. அப்படி ஒரு முகத்தோடு அப்பாவை நான் பார்த்ததில்லை.

முதல் பந்தி முடிகிற நேரத்தில் சித்தப்பா வந்தார். சைக்கிள் கேரியரில் ஒரு பெட்டி திராட்சை. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசியிருந்தார். பெட்டியைத் தூக்கி வந்து வாசல்படியில் வைத்தார். படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"வாலே, உள்ள வா. வந்து ஒன்னையப் பாரு" என்று அப்பா அவர் கையைப் பிடித்தார்.

வாசலில் நின்றபடியே சித்தப்பா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பந்தலைப் பிய்த்துக்கொண்டு நின்ற தன்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். ஹாலில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"ஏண்ணே, இம்புட்டுப் பெரிய கத்திரியை எங்கன போயி சாணை புடிக்க?" என்றார் சித்தப்பா. துண்டால் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே மெதுவாக, "நான் பெருசா வரையச் சொல்லலைண்ணே" என்றார். "உள்ள வரைஞ்சிருந்தாப் போதும்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. நாங்கள் எல்லோரும் மறுபடி சுவரைப் பார்த்தோம். அந்த மண்டபத்துக்குள் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், மொட்டைத் தலையோடு நான் இருந்தேன், நாற்காலிக்கு அடியில் நாய் இருந்தது. சித்தப்பா எவ்வளவு வளர்ந்தும் வெளியேதான் நின்றார்.

சுவரை விடுங்கள், வீடே அப்படித்தான் இருந்தது. இன்ஜினியர் பிளான் போட வந்தபோது எங்களுக்கு ஓர் அறை என்றார் அப்பா. மகளுக்கு மாடியில் ஓர் அறை என்றார். சாமிக்கு ஒன்று. மழையில் நனையாமல் நாய் படுக்க மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் விடச் சொன்னார். சித்தப்பாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று நினைத்துச் சொல்லாமல் விடவில்லை. பழைய வீட்டில் அவர் நடையில் படுப்பார், முற்றத்தில் படுப்பார், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே கட்டிலைப் போட்டுக்கொள்வார். தம்பி இல்லாத வீடு ஒன்று இருக்கும் என்று அப்பாவுக்குத் தோன்றியதே இல்லை. அதனால் அவருக்கென்று அறை கேட்கவும் தோன்றவில்லை. அந்த நிமிடத்தில் இதெல்லாம் எனக்குப் புரிந்தது.

அம்மாதான் முதலில் பேசினார். "ஏட்டி, மாடி ரூம்ல ஒன் சாமானை எடுத்துக் கீழ வையி."

என் அறை. ஜன்னலுக்கு நானே தேர்ந்தெடுத்த மஞ்சள் திரை போட்ட அறை. வாயைத் திறந்தேன். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். "போ" என்று அம்மா சொல்லும் முன்பே படி ஏறிவிட்டேன்.

அப்பா படி இறங்கிப் போய்விட்டார். எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் பந்திக்கு இலை போட்டார்கள். சித்தப்பா திராட்சைப் பெட்டி பக்கத்திலேயே படியில் உட்கார்ந்திருந்தார். நாய் வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது. நான் மாடி ஜன்னலில் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ரோட்டில் ஒரு கட்டில் நடந்து வந்தது. பட்டுக்கரை வேட்டிக்கு மேலே தலைகீழாகக் கவிழ்த்த நார்க்கட்டில், பழைய வீட்டில் சித்தப்பா படுக்கிறது. அதற்குள் அப்பாவின் தலை தெரியவில்லை. சந்தில் விளையாடிய பிள்ளைகள் பின்னால் வந்தன. மொய் எழுதிக்கொண்டிருந்த மாமா பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். ஊரே பார்க்க, அவ்வளவு பெரிய மனுஷன், ஆள் வைத்துத் தூக்கி வரச் சொல்லலாம். சொல்லவில்லை.

வாசலில் கட்டில் நிலையில் இடித்தது. புது நிலை, வார்னிஷ் காயவில்லை. "ஆத்தாடி, நிலையை ஒடைச்சிராதீக!" என்று அம்மா உள்ளேயிருந்து அலறினார்.

"ஏலே, ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கியே, ஒரு கை புடிலே" என்றார் அப்பா, கட்டிலுக்குள்ளிருந்து.

சித்தப்பா எழுந்து முன்பக்கக் கால்களைப் பிடித்தார். "சாச்சுப் புடிண்ணே, இப்புடி. ஒருக்களிச்சு. அங்கன இல்லைண்ணே, இங்கன." பின்னோக்கி ஒரு காலை வைத்தார். பிறகு அடுத்த காலை வைத்தார். நிலையில் கீறல் விழுந்துவிடக் கூடாது என்கிற கவனத்தில், எதைத் தாண்டுகிறோம் என்று பார்க்காமல், முதுகு காட்டியபடியே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்.

ஓவியரைக் கூப்பிட்டுச் சித்தப்பாவை மண்டபத்துக்குள் மாற்றி வரையச் சொல்லலாம் என்று நான் சொன்னேன். "வேணாம், இருக்கட்டும்" என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார். கல்யாணமாகிப் போகிற வரைக்கும் நான் ஹாலில் அந்த இராட்சதனின் காலடியில் பாய் விரித்துப் படுத்தேன். நான் கழற்றிய மஞ்சள் திரை மறுபடி மாடிக்கே போய், இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

புதிதாக வருகிற ஆட்கள் உட்கார்ந்ததும் சுவரைப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் தேனியிலிருந்து வந்த ஒரு பேங்க் அதிகாரி, பந்தலைப் பிய்த்துக்கொண்டு நிற்கிறவரைக் காட்டி, "இது யாருங்க, எகிப்து சாமியா?" என்று உரக்கக் கேட்டார். அப்பா அவசரமாக உதட்டில் விரல் வைத்தார்.

"எந்தம்பி. மெதுவாப் பேசுங்க, உள்ள தூங்குறான்."